அறிவியல் தெரியாத அப்பா மகளுக்கு என்ன செய்யலாம்?

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, நான் மொரிசியஸில் ரோஸ்ஹில்லில் தொடக்கப் பள்ளித் தமிழாசிரியர். மகள் லோவர் சிக்ஸ் (பள்ளியின் கடைசிக்கு முந்தைய வருடம்) படிக்கிறாள். வேதியியல், உயிரியல், இயற்பியல் மூன்றும் முதன்மைப் பாடங்கள். டாக்டராக வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறாள். இங்கிலாந்துக்கு விண்ணப்பிக்க ஆசைப்படுகிறாள், கிடைக்காவிட்டால் இந்தியா என்கிறாள். எனக்கு அறிவியல் சுத்தமாகத் தெரியாது. இன்னொரு டியூஷன் வைக்கலாம் என்கிறாள் மனைவி. மைத்துனர் தனக்குத் தெரிந்தவர் மூலம் மருத்துவமனையில் இரண்டு வாரம் உட்கார வைத்துச் சான்றிதழும் வாங்கித் தருகிறேன் என்கிறார். துணைப்பாடமாகத் தமிழ் எடுத்திருக்கிறாள். அதை விட்டுவிட்டுக் கணிதம் எடுக்கச் சொல்லவா என்றும் யோசனை. நான் என்னதான் செய்வது?

பதில்:

அன்புள்ள ஆசிரியர் ஐயா,

உங்களுக்கு அறிவியல் தெரியாதது இந்த விஷயத்தில் ஒரு குறையே இல்லை. சொல்லப்போனால் அதுதான் உங்கள் மகளுக்கு வீட்டிலேயே கிடைத்திருக்கும் பெரிய வசதி. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் நாட்காட்டியைப் பார்த்துவிடலாம். நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் சறுக்குவது மதிப்பெண்ணில் இல்லை, தேதியில்.

இங்கிலாந்தில் மருத்துவப் படிப்புக்கு யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாக விண்ணப்பிக்கக் கடைசி நாள் அக்டோபர் 15. மற்ற பெரும்பாலான படிப்புகளுக்கு ஜனவரி வரை நேரம் உண்டு, மருத்துவத்துக்கு இல்லை. நம் பள்ளி இறுதித் தேர்வான எச்எஸ்சி நடப்பதும் அக்டோபர், நவம்பரில்தான். அங்குள்ள பிள்ளைகளுக்கு அக்டோபர் என்பது பள்ளி ஆண்டின் ஆரம்பம். நம் பிள்ளைகளுக்கோ அது கழுத்தைப் பிடிக்கும் மாதம். பகலில் வேதியியல் தேர்வை எழுதிவிட்டு ராத்திரி உட்கார்ந்து விண்ணப்பக் கட்டுரையைத் திருத்தும் நிலைக்கு அவள் வரக்கூடாது. யூகாஸில் செப்டம்பர் தொடக்கத்திலிருந்தே விண்ணப்பத்தை அனுப்பலாம். அந்த மாதம் பாதி முடிவதற்குள் அனுப்பிவிடுவது என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் யூகேட் என்ற நுழைவுத் தேர்வு இருக்கிறது. ஜூலை தொடங்கி செப்டம்பர் கடைசி வரை நடக்கும், வருடத்தில் ஒரே ஒரு முறைதான் எழுதலாம். நமக்கு ஜூலை, ஆகஸ்டில் குளிர்கால விடுமுறை வருகிறதல்லவா, அப்போதே எழுதிவிடட்டும். கணக்குத் திறப்பதையும் தேதி பிடிப்பதையும் மே, ஜூன் மாதங்களிலேயே செய்தால்தான் விருப்பமான நாள் கிடைக்கும். முன்பு சில பல்கலைக்கழகங்கள் கேட்டுக்கொண்டிருந்த பீமேட் தேர்வு 2023ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. அதற்கான புத்தகத்தை யாராவது பாதி விலைக்குத் தர வந்தால் வாங்காதீர்கள்.

யூகேட்டில் பாடக் கேள்வி கிடையாது. ஆங்கிலப் பத்தியைப் படித்துப் புரிந்துகொள்வது, தர்க்கமாக முடிவெடுப்பது, கணக்கு, அப்புறம் ஒரு மருத்துவ மாணவர் இந்தச் சூழலில் எப்படி நடந்துகொள்வார் என்ற வகைக் கேள்விகள். இவ்வளவுதான். 2025 முதல் படங்களை வைத்துக் கேட்கும் பகுதியை எடுத்துவிட்டார்கள். முதல் மூன்று பகுதிகளுக்கும் சேர்த்து 2700 மதிப்பெண், கடைசிப் பகுதிக்கு மட்டும் மதிப்பெண்ணுக்குப் பதில் தரப்பிரிவு. கஷ்டம் முழுவதும் நேரத்தில்தான். ஆங்கிலப் பத்திப் பகுதியில் 22 நிமிடத்தில் 44 கேள்விகள். ஒரு கேள்விக்கு அரை நிமிடம், அதற்குள் பத்தியையும் படித்தாக வேண்டும். வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளைகள்கூட இந்த இடத்தில் திணறுவார்கள். எல்லாவற்றையும் முழுதாகப் படித்துப் புரிந்துகொண்ட பிறகே பதில் எழுதப் பழகியவர்கள் அவர்கள். இங்கே கேள்வியை முதலில் பார்த்து, பத்தியில் அந்த வார்த்தை எங்கே இருக்கிறது என்று தேடி, பதிலைக் குறித்துவிட்டு அடுத்ததற்கு ஓட வேண்டும். தவறான பதிலுக்கு மதிப்பெண் குறைப்பது இல்லை, அதனால் எதையும் வெற்றாக விடக்கூடாது. ஆறு முதல் எட்டு வாரம் தினமும் ஒரு மணி நேரம் போதும். யூகேட் தளத்திலேயே இலவச மாதிரித் தேர்வுகள் இருக்கின்றன. காசு கொடுத்து எதையாவது வாங்குவதற்கு முன் அவற்றை முடிக்கட்டும். கணினியில் எழுதும் தேர்வு என்பதால் பயிற்சியையும் கணினியில்தான் செய்ய வேண்டும், கைப்பேசியில் அல்ல.

டியூஷன் கேள்விக்கு வருகிறேன். கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை, ஆனால் நம் ஊர் வழக்கம் எனக்குத் தெரியும். மூன்று பாடத்துக்கும் லெசோன் (டியூஷன்), வாரநாளில் இருட்டும் வரை, சனிக்கிழமை காலையிலும் ஒன்று. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்றால் இருப்பதே போதும் என்று உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் மூன்று ஏ கேட்கும், சில அதற்கு மேலும். அதனால் பாடத்தில் கைவைக்க முடியாது. ஆனால் நான்காவதாக ஒரு லெசோன் சேர்த்தால் அது விழுங்கப்போவது அவள் மனிதர்களைப் பார்ப்பதற்கு மிச்சமிருக்கும் நேரத்தை.

தமிழை விடச் சொல்லாதீர்கள். மூன்று அறிவியல் பாடங்களும் முதன்மையாக இருக்கும்போது, துணைப்பாடம் எது என்று இங்கிலாந்தில் பெரும்பாலும் கேட்பதில்லை. இந்தியாவுக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் வேண்டும். அவை அவளிடம் இருக்கின்றன. தென்னாப்பிரிக்காவையும் பட்டியலில் வைத்திருந்தால் மட்டும் கதை வேறு. அங்கே மருத்துவத்துக்குக் கணிதம் கட்டாயம். அந்தப் பக்கம் எண்ணமில்லை என்றால் அவள் தமிழே எழுதட்டும். நிச்சயமாக மதிப்பெண் வரும் என்று தெரிந்த பாடத்தை லோவர் சிக்ஸ் நடுவில் மாற்றுவது வேண்டாத வேலை.

மைத்துனரின் யோசனையை நான் முழுக்கத் தள்ளவில்லை. ஆனால் அந்தச் சான்றிதழ் யாருக்கும் தேவையில்லை. இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள் கேட்பது 'எத்தனை நாள் உட்கார்ந்தாய்' என்பதை அல்ல, 'என்ன பார்த்தாய், அதிலிருந்து என்ன புரிந்தது' என்பதை. டாக்டர் கோட்டு போட்ட ஒருவர் பின்னால் இரண்டு வாரம் கைகட்டி நின்றால் பெரும்பாலும் கால் வலிதான் கண்ட பலன். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் வீதம் ஒரு வருடம் முதியோர் இல்லத்துக்குப் போய்வருவது அதைவிட எவ்வளவோ மேல். சாப்பாடு ஊட்டுவது, செய்தித்தாள் வாசித்துக் காட்டுவது, திரும்பத் திரும்பச் சொல்லும் அதே கதையை அலுக்காமல் கேட்பது, இதெல்லாம் நோயாளியோடு பழகுவதுதான். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், செஞ்சிலுவைச் சங்கம் இரண்டும் இங்கே இருக்கின்றன, முதலுதவிப் பயிற்சி எடுத்துக்கொள்ளலாம். இரத்த தான முகாம்களில் பெயர் எழுதவும், கொடுத்து முடித்தவருக்கு ஜூஸ் தந்து பத்து நிமிடம் உட்கார வைக்கவும் எப்போதும் ஆள் தேவைப்படும். தைப்பூசக் காவடி அன்று கோயில் பக்கம் பாருங்கள். ஜனவரி, பிப்ரவரி வெயில், வெறுங்கால், விரதம், தார் ரோடு. மயங்கி விழுபவரை நிழலுக்குக் கொண்டுபோய் உட்கார வைப்பவர்கள் பக்கத்தில் அவள் நிற்கட்டும்.

ஒரு காரியம் மட்டும் தவறாமல் செய்யச் சொல்லுங்கள். ஒரு சின்ன நோட்டு. போய்வந்த அன்றைக்கே, தூங்குவதற்கு முன், ஐந்து வரி. 'மனம் நெகிழ்ந்தேன்', 'சேவையின் மகத்துவம் புரிந்தது' போன்ற வரிகளை அதில் எழுதவே கூடாது. பார்த்ததை எழுத வேண்டும். உதாரணமாக, சுகாதார நிலையத்துக்கு ஒரு பாட்டி வருகிறார். சர்க்கரை வியாதி, இரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. நர்ஸ் மாத்திரைகளைக் கொடுத்து விளக்குகிறார். பாட்டி 'வீ, வீ' (ஆமாம், ஆமாம்) என்று தலையாட்டுகிறார். மாத்திரை அட்டையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அட்டையை வாங்கி, வெள்ளை காலையில், மஞ்சள் ராத்திரியில் என்று நிறத்தைச் சொல்லி, பாட்டியையே திருப்பிச் சொல்ல வைக்கிறார். இதை உங்கள் மகள் கவனித்து எழுதியிருந்தால் நேர்காணலில் அவளுக்குப் பேச விஷயம் இருக்கிறது. படிக்கத் தெரியாதவர் அதை ஏன் மறைக்கிறார், வெட்கப்படுத்தாமல் எப்படிக் கண்டுபிடிப்பது, தலையாட்டியது புரிந்ததாக ஆகிவிடுமா என்று அவளால் பத்து நிமிடம் பேச முடியும்.

பெயரை எழுதக் கூடாது, ஊரை எழுதக் கூடாது, வீட்டில் சாப்பாட்டு மேசையிலும் சொல்லக் கூடாது. இது சின்னத் தீவு ஐயா. 'ரோஸ்ஹில்லில் பேக்கரி பக்கத்து வீட்டு மாமி' என்றாலே போதும், மாலைக்குள் பக்கத்து ஊரான காத்ர போர்ன் வரை தெரிந்துவிடும். நோயாளியின் ரகசியம் காப்பது என்ற தலைப்பில் நேர்காணலில் கேள்வி வரும். லண்டனில் வளர்ந்த பிள்ளை புத்தகத்தில் படித்ததைச் சொல்லும். உங்கள் மகள் இந்த ஊரில் அது எவ்வளவு கஷ்டம் என்பதைச் சொல்லலாம்.

இன்னொன்று. புண்ணுக்குக் கட்டு மாற்றுகிற அறையில் ஒரு காலையாவது அவள் நிற்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். நம் நாட்டில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். அதன் முடிவு பலருக்குக் காலில்தான் தெரியும். பழைய கட்டைப் பிரிக்கும்போது வரும் வாடையை எந்தப் புத்தகமும் சொல்லித் தராது. முதல் நாள் அவளுக்குத் தலை சுற்றினால் பரவாயில்லை, எங்களுக்கும் சுற்றியது. மறுபடி போக மனம் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். வரவில்லை என்றால் அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. அனுமதி கிடைக்காவிட்டால் இங்கிலாந்தில் பிரைட்டன் அண்ட் சசெக்ஸ் மருத்துவப் பள்ளி இணையத்தில் இலவசமாக ஒரு பயிற்சி வைத்திருக்கிறது. வெவ்வேறு துறை டாக்டர்கள் தங்கள் நாளைப் பற்றிப் பேசுவார்கள். நேரில் பார்ப்பதற்கு ஈடாகாது, ஆனாலும் உருப்படியானது.

விண்ணப்பக் கட்டுரை இப்போது ஒரே நீளக் கட்டுரையாக இல்லை. 2026இல் சேருபவர்களிலிருந்து மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள்: ஏன் இந்தப் படிப்பு, பள்ளிப் படிப்பு இதற்கு உன்னை எப்படித் தயார் செய்தது, பள்ளிக்கு வெளியே என்ன செய்தாய். மூன்றுக்கும் சேர்த்து, இடைவெளியையும் எண்ணி, 4000 எழுத்துக்குள். அந்த நோட்டு இருந்தால் மூன்றாவது கேள்வி தானாக எழுதிக்கொள்ளும். எழுதித் தருகிறேன் என்று காசு கேட்பவர்களிடம் போகாதீர்கள். வேறு கட்டுரைகளோடு ஒத்துப்போகிறதா என்று யூகாஸ் ஒவ்வொன்றையும் மென்பொருளில் போட்டுப் பார்க்கிறது. பள்ளியிலிருந்து ஒரு பரிந்துரையும், எதிர்பார்க்கும் மதிப்பெண்ணும் போக வேண்டும். நம் மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் பலருக்கு இது பழக்கமில்லாத வேலை. அடுத்த வருடம் ஜூன் மாதமே ரெக்டரை (பள்ளித் தலைவரை) பார்த்துப் பணிவாகக் கேட்டுவிட்டு, ஆகஸ்டில் ஒருமுறை நினைவுபடுத்துங்கள். இது முழுக்க உங்கள் வேலை. ஆசிரியரோடு ஆசிரியர் பேசினால் காரியம் நடக்கும்.

யூகாஸில் ஐந்து இடங்கள் போடலாம், மருத்துவத்துக்கு நான்குதான். ஐந்தாவதை வேறு படிப்புக்குப் போடலாம், காலியாகவும் விடலாம். உயிர்மருத்துவ அறிவியல் போன்ற ஒன்றைப் போட்டு வைப்பதில் நஷ்டமில்லை, ஆனால் அவளுக்கு அதைப் படிக்க உண்மையிலேயே மனமிருந்தால் மட்டும்.

இப்போது நேர்காணல். டிசம்பரிலிருந்து மார்ச்சுக்குள் வரும், நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இணையத்தில். அதற்குள் எச்எஸ்சி முடிந்திருக்கும். இந்த ஒரு விஷயத்தில் நாட்காட்டி நம் பக்கம். பல இடங்களில் சின்னச் சின்ன நிலையங்களாக வைப்பார்கள்: ஒவ்வொன்றும் ஐந்து முதல் எட்டு நிமிடம், ஒவ்வொன்றிலும் வேறு ஆள், வேறு பிரச்சினை. ஒன்றில் நடிகர் ஒருவர் நோயாளியாக உட்கார்ந்திருப்பார். ஒன்றில் அறநெறிக் கேள்வி. ஒன்றில் ஒரு படத்தைக் காட்டி விவரிக்கச் சொல்வார்கள்.

இங்கே நம் பிள்ளைகளுக்கு ஒரு தனிச் சிக்கல். தேர்வை ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள், செய்தித்தாளைப் பிரெஞ்சில் படிக்கிறார்கள், வீட்டிலும் தெருவிலும் பேசுவது கிரியோல். ஆங்கிலத்தை எழுதிப் பழகியிருக்கிறார்களே தவிர, வாய்விட்டுப் பேசிப் பழகவில்லை. அதனால் நேர்காணலில் பாடப்புத்தக வாக்கியமாக வரும். 'நோயாளியின் தன்னாட்சியை மதிக்க வேண்டும்' என்று ஒப்பிப்பார்கள். எதிரே இருப்பவர் 'சரி, அவரிடம் என்ன சொல்வாய், சொல்' என்றால் நின்றுவிடுவார்கள்.

உங்களுக்கு அறிவியல் தெரியாததை வசதி என்று சொன்னேனே, இங்கேதான் அது உதவும். வாரத்தில் இரண்டு நாள், சாப்பிட்ட பிறகு, அரை மணி நேரம் நீங்கள்தான் நோயாளி. எனக்குச் சர்க்கரை இருக்கிறது, இன்சுலின் போட மாட்டேன், பக்கத்து வீட்டம்மா தரும் திசான் (மூலிகைக் கஷாயம்) குடிக்கிறேன், அதுவே கேட்கிறது என்று அடம்பிடியுங்கள். அவள் உடனே கணையம், குளுக்கோஸ் என்று ஆரம்பித்தால் 'எனக்குப் புரியவில்லை அம்மா' என்று சொல்லுங்கள். பொய்யும் இல்லை. மூன்றாவது முறையாவது அவள் பாடத்தை நிறுத்திவிட்டு 'இன்சுலின் ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?' என்று கேட்பாள். ஊசிக்குப் பயமா, ஊசி போட்டால் கடைசிக் கட்டம் என்று யாராவது சொன்னார்களா, வேலை செய்யும் இடத்தில் வைத்துப் போட்டுக்கொள்ள வெட்கமா? நான் பார்த்தவரை பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். அந்தக் கேள்வியை அவள் கேட்டதும் பயிற்சி பலித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். இதை ஒரு நாள் கிரியோலில் செய்யுங்கள், மறுநாள் அதையே ஆங்கிலத்தில். உங்கள் ஆங்கிலம் திக்கினாலும் கவலை வேண்டாம், நோயாளிகளின் ஆங்கிலமும் திக்கும். விஞ்ஞான ஆசிரியராக இருக்கும் அப்பாவால் இதைச் செய்ய முடியாது. பாதியில் குறுக்கிட்டுச் சரியான பதிலைச் சொல்லிவிடுவார்.

அம்மாவும் ஒரு நாள் நடிக்கட்டும்: 'என் கணவருக்குப் புற்றுநோய், அவரிடம் சொல்லிவிடாதீர்கள் டாக்டர்.' நம் குடும்பங்களில் நிஜமாகவே நடப்பதுதான் இது. உடனே அம்மாவைக் கண்டிக்கிற பிள்ளையும் வேண்டாம், சரி சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கிற பிள்ளையும் வேண்டாம். அவருக்கு எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று அவரிடமே கேட்கலாம் அல்லவா என்று மெதுவாக அந்த இடத்துக்கு வர வேண்டும்.

இந்தியா பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே எம்பிபிஎஸ் சேர வெளிநாட்டு மாணவர்களும் பொதுவாக நீட் எழுத வேண்டும். 180 கேள்விகள், 720 மதிப்பெண், மூன்று அறிவியல் பாடங்கள், தவறான பதிலுக்கு ஒரு மதிப்பெண் போகும். கேள்விகள் இந்தியப் பள்ளிப் பாடத்திட்டத்தை ஒட்டி வரும். நம் பிள்ளைகள் படிக்கும் கேம்பிரிட்ஜ் முறைக்கும் அதற்கும் நிறைய வித்தியாசம். வழக்கமாக மே மாதம் நடக்கும். பள்ளியின் கடைசி வருடமான அப்பர் சிக்ஸ் நடுவில் நீட், அடுத்து யூகேட், அதற்கடுத்து எச்எஸ்சி என்று வரிசையாக எழுத வைக்காதீர்கள், எதிலும் உருப்படாது. எச்எஸ்சி முடிந்த பிறகு டிசம்பரிலிருந்து ஐந்து மாதம் இருக்கிறது. இங்கிலாந்து நேர்காணலுக்கு அழைப்பு வரவில்லை என்று தெரிந்தால் அந்த நேரம் முழுவதும் நீட்டுக்கு. உள்ளூரிலும் பெல் ரீவில் எஸ்எஸ்ஆர் மருத்துவக் கல்லூரி 1999 முதல் இருக்கிறது. வீட்டிலிருந்தே போய்வரலாம் என்பதைக் குறைவாக நினைக்க வேண்டாம்.

பணத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, நான் எழுதியாக வேண்டும். இங்கிலாந்தில் வெளிநாட்டு மாணவருக்குக் கட்டணம் மட்டும் பல இடங்களில் ஆண்டுக்கு 40,000 பவுண்டுக்கு மேல், ஐந்து அல்லது ஆறு ஆண்டுகள். லோரியா ஆகி அரசு உதவித்தொகை வாங்கினால் ஆயிற்று என்று மகளிடம் சொல்லி வளர்ப்பதை நிறுத்துங்கள். வந்தால் வரட்டும், அதைத் திட்டமாக வைக்க முடியாது. வீட்டு வரவு செலவை அவளுக்கும் காட்டி, எது முடியும், எது முடியாது என்று இந்த வருடமே பேசிவிடுங்கள். இடம் கிடைத்த பிறகு முடியாது என்று சொல்வது அவளுக்குப் பெரிய கொடுமை.

கிழக்கு ஐரோப்பாவில் குறைந்த செலவு, தேர்வே இல்லை என்று ஏஜென்ட்கள் வருவார்கள். நல்ல பல்கலைக்கழகங்களும் அங்கே இருக்கின்றன. ஆனால் ஒரு ரூபாய் கட்டுவதற்கு முன் இரண்டு இடத்தில் எழுத்து மூலமாகக் கேட்டு வாங்குங்கள். மொரிசியஸ் மருத்துவக் கவுன்சிலில் அந்தப் பட்டத்தை இங்கே ஏற்பார்களா என்று கேளுங்கள். உயர்கல்வி ஆணையத்தில், மருத்துவம் படிக்கப் போக எச்எஸ்சியில் குறைந்தபட்சம் என்ன வேண்டும் என்று கேளுங்கள். ஏஜென்ட் காட்டும் கடிதம் இதற்கு ஆகாது. உலக மருத்துவப் பள்ளிகள் பட்டியலில் பெயர் இருக்கிறது என்பார், அதில் பெயர் இருப்பது அங்கீகாரம் ஆகாது என்று அந்தப் பட்டியலே சொல்கிறது. படித்து முடித்துத் திரும்பி, பயிற்சியும் முடித்து, அரசு வேலைக்காகக் காத்திருக்கும் இளம் டாக்டர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். அவர்களில் இருவரையாவது மகள் நேரில் பார்த்துப் பேசட்டும். ஏஜென்ட் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

இப்போதைக்கு நோட்டு வாங்கிக் கொடுங்கள், முதியோர் இல்லத்தில் போய்க் கேளுங்கள். யூகேட் பதிவு நேரத்தில் சந்தேகம் வந்தால் மறுபடி எழுதுங்கள்.